மூடுபனி நாவல்: உலகம் 40 பக்கம் இருக்கு, கதை ஒரு பக்கமும் இல்லை. எங்கே தொடங்குறது?

மழைக்காலக்கொப்பி:

வணக்கம் அண்ணன்மார், அக்காமார். முதல் நாவல் இது. ஃபேண்டஸியா அறிவியல் புனைவா என்றுகூட இந்தத் தங்கச்சிக்கு இன்னும் முடிவில்லை.

கரு இதுதான். இலங்கை மலையகத்தில மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று. அங்கே மூடுபனி இறங்கினா, முன்னே அதே இடத்தில பேசின குரல்கள் திரும்பக் கேட்கும். செத்துப்போனவங்க குரலும் கேட்கும். மவுசாக்கலை நீர்த்தேக்கத்துல தண்ணி வத்துற காலத்தில, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா டவுன் கோயில் வெளியே தெரியுமே, கதையோட நடு இடம் அது.

கையில இருக்கிறது: 80 பக்கக் கொப்பி ஒன்றில 40 பக்கம் குறிப்பு, நாலு டிவிசனுக்கும் வரைபடம், பதினொரு சாமி பேரு, 300 வருச வரலாறு. ஒரு காட்சிகூட எழுதலை. உட்கார்ந்தா திரும்பவும் சாமி பேரைத்தான் திருத்துறேன்.

உலகத்தை எவ்வளவு கட்டினா போதும்? மலையகப் பேச்சுல எழுதுறதா, எழுத்து நடையா? புதுச் சொல் எத்தனை போடலாம்? முதல் நாவலுக்கு எத்தனை பக்கம் சரி? ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம்தான் கிடைக்கும், எழுதுறது போன்ல.


ரோதை:

முதல் வேலை, அந்தக் கொப்பிய ஒரு மாசம் மூடி வைங்க தங்கச்சி. எரிக்க வேணாம், பிறகு தேவைப்படும்.

40 பக்கம் எழுதியும் ஒரு காட்சி வராததுக்குச் சோம்பல் காரணம் இல்லை. அந்தக் குறிப்பெல்லாம் 'என்ன இருக்கு' என்கிற கணக்கு. காட்சி பிறக்கிறது 'யாருக்கு என்ன குறையுது' என்கிற இடத்தில. பதினொரு சாமியும் சேர்ந்து ஒரு பொம்பளைக்கு ஒரு சங்கடமும் கொடுக்கலைன்னா அவங்க வெறும் பட்டியல்தான்.

ஒரு தாள்ல நாலு விஷயம் எழுதுங்க. பனி என்ன செய்யும், என்ன செய்யாது, அதுக்கு விலை என்ன, அந்த விலையக் கொடுக்கிறது யார். அரைப் பக்கத்தைத் தாண்டக்கூடாது. உங்க பதிவில முதலாவது மட்டும் இருக்கு. விலையில்லாத மாயத்தை யாரும் எந்நேரமும் எடுத்துப் பாவிக்கலாம். செத்துப்போன அப்பாகிட்ட காணி உறுதிக் கடதாசி எங்கன்னு கேட்டா மூணாம் அத்தியாயத்தில நாவல் முடிஞ்சிரும். முதல் நாவல்கள் பாதியில நிக்கிறதுக்கு முக்கியமான காரணம் இந்த ஓட்டைதான்.

விலைய வெளியூர்ல தேட வேணாம், தோட்டத்துப் பேச்சுலயே கிடக்கு. "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" "அரைப்பேர்தான் போட்டாங்க." நம்ம பக்கம் பேர் என்றா ஒரு நாள் கூலி. செக்ரோல்ல, அதாவது வேலைக்கு வந்தவங்க பேர் பதியுற புத்தகத்தில, பேர் விழாட்டி அன்னைக்கு நீங்க மலைக்கே போகலை என்று கணக்கு. அந்தச் சொல்லை அப்படியே நேர் அர்த்தத்துக்குத் திருப்புங்க. பனியில ஒரு குரலைக் கேட்டா, கேட்டவளோட பேர் கொஞ்சம் தேயும். முதல்ல செக்ரோல்ல விடுபடும், கணக்கப்பிள்ளை மறந்துட்டார் என்று எல்லாரும் நினைப்பாங்க. அடுத்தது தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில கூப்பிட வாயெடுத்த கூட்டாளிக்குப் பேர் வராது. கடைசியா பெத்தவளுக்கே வராது. இப்போ மாயமும் வயித்துப்பாடும் ஒரே கயித்துல கட்டியிருக்கு.

'என்ன செய்யாது' என்கிறதையும் கஞ்சத்தனமா எழுதணும். குரல் கேள்விக்குப் பதில் சொல்லாது, அன்னைக்குப் பேசினதை மட்டும் பேசும். பேசின இடத்தில நின்னாத்தான் கேட்கும். பனி கலைஞ்சா நடுச் சொல்லுல நின்னுரும். "உறுதிய நான் வச்சிருக்கிறது அந்த..." என்று அறுந்தா, அடுத்த பனிக்கு அவ காத்திருக்கணும், இன்னொரு தரம் விலையும் கொடுக்கணும். பதினைஞ்சு பக்கத்துக்கு வாசகன் கொப்பியக் கீழ வைக்க மாட்டான்.

எழுதி முடிச்சதும் ஒரு சோதனை: இந்த விதிய வச்சுக் காசு பண்ண, ஆளை மடக்க நினைக்கிறவன் என்ன செய்வான்? காலையில வேலை பிரிச்சுக் கொடுக்கிற பிரட்டுக்களத்தில தொழிற்சங்கத்து ஆளுங்க ரகசியமா என்ன பேசினாங்க என்று தெரிஞ்சுக்க ஒருத்தன் ஆசைப்படுவான். ஆனா கேட்கிறவன் பேரை இழக்கணும். அதனால அவன் போக மாட்டான், ஒரு சின்னப் பிள்ளைய அனுப்புவான். வில்லனுக்குக் கோரப்பல் தேவையில்லை பாருங்க. விதியே அவனை உண்டாக்கிரும்.


பட்டிப்பொலச்சுரங்கம்:

ரோதை விதியைப் பார்த்துக்கொண்டார். நான் நிலத்தைப் பார்க்கிறேன். உங்கள் கருவிலேயே ஒரு மோதல் இருக்கிறது.

நீர்த்தேக்கம் வற்றிக் கோயில் தெரிவது மழை குறைந்த மாதங்களில், தென்மேல் பருவம் தொடங்குவதற்கு முன். மஸ்கெலியாவில் நாள் முழுக்கப் பனி கட்டிக் கிடப்பது அந்தப் பருவம் வந்த பிறகு, மே முதல் செப்டெம்பர் வரை. அப்போது கோயில் தண்ணீருக்குள் போய்விடும். கோயில் இருந்தால் பனி இல்லை, பனி இருந்தால் கோயில் இல்லை. மலைநாட்டு வாசகர் முதல் அத்தியாயத்திலேயே இதைப் பிடித்துவிடுவார்.

ஆனால் இந்தப் பிழையைத் திருத்தி மறைக்க வேண்டாம், அதைக் கதைக்குள் கொண்டுவாருங்கள். வறண்ட மாதங்களிலும் விடியற்காலையில் நீர்மேல் ஒரு மெல்லிய பனி படுத்திருக்கும், வெயில் ஏறினால் கலைந்துவிடும். ஆகவே பழைய டவுனில் நின்று பேசியவர்களின் குரலைக் கேட்க வருடத்தில் சில வாரம், அந்த வாரங்களிலும் விடியலில் சிறிது நேரம் மட்டுமே வழி. ரோதை சொன்ன 'பேசின இடத்தில் நிற்க வேண்டும்' என்ற விதியோடு இதைச் சேர்த்தால் நாவலுக்குக் கடிகாரம் கிடைத்துவிட்டது. 1960களின் கடைசியில் தண்ணீர் ஏறியதற்கு முன் பேசியது மட்டும்தான் அங்கே இருக்கும் என்பதும் தானாக வருகிறது.

இன்னொன்று, வரைபடத்தை நாலு டிவிசனோடு நிறுத்தியிருக்கிறீர்கள். மேற்குச் சரிவில் மழை கொட்டும் மாதங்களில், பதுளை இருக்கும் ஊவாப் பக்கம் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலையின் தனி மணமே அந்தக் காற்றால் வருவது. டிசம்பர், ஜனவரியில் வடகீழ் பருவம் வந்து பதுளைப் பக்கத்தை நனைக்கும். பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் நடுவிலுள்ள ரயில் சுரங்கத்துக்குள் மழையோடு நுழைந்து வெயிலில் வெளியே வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பனிதான் நினைவு என்றால் அரை வருடம் நினைவு ஹட்டன் பக்கம், அரை வருடம் பதுளைப் பக்கம். கேட்கத் தெரிந்தவர்களை ஏற்றிக்கொண்டு ரயில் மேலும் கீழும் போகும். நீங்கள் புதிதாக ஒரு மலையும் வரைய வேண்டியதில்லை.

300 வருட வரலாற்றில் முதல் நூறு வருடத்தை வெட்டலாம். இங்கே காப்பித் தோட்டங்களும் அவற்றுக்குத் தென்னிந்தியாவிலிருந்து நடந்துவந்த நம் ஆட்களும் 1820களில் தொடங்கும் கதை. அதற்கு முன் அந்தச் சரிவில் தமிழ்க் குரல் கேட்க வேண்டுமானால் யார், ஏன் அங்கே நின்றார் என்று தனியாகக் காரணம் வேண்டும்.

ஃபேண்டஸியா அறிவியல் புனைவா? மூடுபனித் துளியின் விட்டம் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். அது மிதக்கும், ஒன்றோடொன்று சேரும், ஆவியாகும். அதில் குரலைச் சேமிக்க வழியில்லை. 'நானோ' என்று ஒரு சொல் போட்டால் வழி வந்துவிடாது. ஆகவே இரண்டில் ஒன்று. பனி பேசும் என்று சொல்லிவிட்டு விளக்கமே கொடுக்காமல் விலையை மட்டும் கறாராக வைத்தால் ஃபேண்டஸி. சேமிப்பு வேறெங்கோ, பாறையிலோ தேயிலை வேரிலோ இருக்கிறது, ஈரம் அதைத் திறக்கும் சாவி மட்டும் என்று வைத்தால் அறிவியல் புனைவு. அப்படியானால் ஈரப்பதம், உயரம், வெப்பம் எல்லாம் கணக்கோடு வர வேண்டும். பாதி விளக்கம்தான் இரண்டையும் கெடுக்கும்.

அறிவியல் பக்கம் போனால் நடக்கமுடியாதது ஒன்றே ஒன்று இருக்கட்டும், மிச்சமெல்லாம் கணக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 பாகை குளிரும். கொழும்பில் 28 என்றால் 1,868 மீட்டரில் இருக்கும் நுவரெலியாவில் 16. அங்கே தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதிக்கும். ஆர்தர் சி. கிளார்க் சிவனொளிபாதமலையை மனதில் வைத்து விண்வெளி மின்தூக்கி எழுதியபோது என்ன செய்தார் தெரியுமா? அப்படி ஒரு தூக்கியின் கம்பம் நிலநடுக்கோட்டில்தான் நிற்கும், ஏனென்றால் பூமியோடு சேர்ந்து சுற்றும் அந்த 35,786 கிலோமீட்டர் உயரப் பாதை நிலநடுக்கோட்டுக்கு மேலே. நம் மலை ஏறத்தாழ 6.8 பாகை வடக்கே. அவர் தீவையே சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவைத்தார், மற்றதையெல்லாம் ஏறக்குறைய இருந்தபடி விட்டார்.

ஒன்றை மாற்றினால் மூன்று படி பின்தொடருங்கள். பயிற்சிக்கு ஒன்று: 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை. 1869இல் காப்பி இலையில் துருநோய்ப் பூஞ்சை. அந்தப் பூஞ்சை வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பி அறுவடை பருவ வேலை, ஆட்கள் வந்து திரும்பிப் போவார்கள். தேயிலைக்கு வருடம் முழுக்கக் கை வேண்டும், அதனால்தான் குடும்பம் குடும்பமாக லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கினார்கள். பூஞ்சை இல்லாவிட்டால் பெரும்பாலோர் தங்கியிருக்க மாட்டார்கள், கோயில் இப்படி எழுந்திருக்காது, 1948இல் குடியுரிமை பறிபோக இங்கே ஒரு பெருஞ்சனமே இருந்திருக்காது. ஒரு பூஞ்சையில் இவ்வளவு. உங்கள் பனிக்கும் இதே மாதிரி மூன்று படி எழுதிப் பாருங்கள்.


மழைக்காலக்கொப்பி:

கோயில் இருந்தா பனி இல்லை! 40 பக்கத்தில எங்கேயும் இதை யோசிக்கலை. ஃபேண்டஸி என்றே முடிவு பண்ணிட்டேன். 'பேர்' விஷயத்தையும் எடுத்துக்கிறேன் ரோதை அண்ணே.

மொழி பற்றி யாராவது சொல்லுங்க. பனியை 'அது' என்று எழுதுறதா 'அவ' என்று எழுதுறதா என்கிறதிலேயே நிக்கிறேன்.


ஒற்றெழுத்து:

நீங்க சின்னச் சிக்கல் என்று நினைக்கிறது, தமிழ்ல ஃபேண்டஸி எழுதுறவங்களுக்குக் கிடைச்ச பெரிய ஆயுதம். நம்ம படர்க்கை வினைமுற்று பெரும்பாலும் உயர்திணையா அஃறிணையா என்று திணையைச் சொல்லியே ஆகணும். பனி 'வந்தது' என்று எழுதிட்டே போய், எந்த வரியில முதல் தடவை 'வந்தாள்' என்று எழுதப்போறீங்க? அந்த வரி எந்த அத்தியாயத்தில, யார் கண்ணால பார்க்கும்போது வருது என்று இப்பவே குறிச்சு வைங்க. அதுக்கு முன்னே ஒரு இடத்திலகூடத் தவறி வரக்கூடாது. முழுசா எழுதின பிறகு 'பனி' என்று தேடி ஒவ்வொரு வினையையும் பாருங்க.

எதிர்ப்பக்கமும் இருக்கு. பேர் தேயுற பொம்பளை, கதைசொல்லியோட வாயில 'வந்தாள்' என்கிறதிலிருந்து 'வந்தது'க்கு இறங்கலாம். இதை உரையாடல்ல செய்யப் போனா எடுபடாது. நம்ம பக்கம் "அந்தப் புள்ள வந்துச்சி" என்கிறது பாசம். வாசகன் இறக்கத்தைக் கவனிக்கவே மாட்டான். கதைசொல்லி நடையில மட்டும்தான் அது குத்தும்.

நடை: கதைசொல்லி பொது எழுத்து நடை, பேசுறவங்க மலையகப் பேச்சு, இதுதான் முதல் நாவலுக்குப் பாதுகாப்பு. ஆனா கதைசொல்லியும் தோட்டத்துப் பொருளுக்குத் தோட்டத்துச் சொல்லே பாவிக்கணும். லயம், காம்பரா (அறை), இஸ்தோப்பு (முன் திண்ணை), பிரட்டு, கொந்தரப்பு (ஒப்பந்த வேலை), தவறணை (நாற்றுமேடை), கவ்வாத்து (செடியைக் கத்தரிக்கிறது). இதுக்கெல்லாம் அடிக்குறிப்பு போடாதீங்க. "கவ்வாத்து வெட்டின மலை மொட்டையா நின்னது" என்று எழுதினா தெரியாதவனுக்கும் விளங்கும். பேச்சுல ஒலியை எல்லாம் எழுத்துக்கு எழுத்து பிடிக்க நினைச்சா ரெண்டாம் பக்கத்தில வாசகன் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிப்பான். ஆளுக்கு ரெண்டு மூணு அடையாளம் போதும். கிழவி 'பெரட்டு' என்பா, படிச்ச பேத்தி 'பிரட்டு' என்பா, அவ்வளவுதான். எந்த ஆள் எப்படிச் சொல்லுவார் என்று ஒரு தாள்ல எழுதி வைங்க. 20ஆம் அத்தியாயத்தில கிழவி மறந்துபோய்ப் பேத்தி மாதிரிப் பேசுறது எல்லா நாவல்லயும் நடக்கிற விபத்து.

புதுச் சொல். தமிழ் எழுத்துல பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஒரு சாதாரணச் சொல்லை விசேஷமாக்க நம்ம ஆட்கள் மேற்கோள் குறி போடுறாங்க. மூணாம் பக்கத்தில அது கண்ணைக் குத்தும். குறிக்குப் பதிலா வினையை மாத்துங்க. சாதாரணப் பனி 'இறங்கும்', பேசுற பனி 'கூடும்'. பத்துப் பக்கத்தில வாசகன் பழகிருவான், 'பனி கூடிருச்சி' என்று நீங்க எழுதினாலே முதுகு சிலிர்க்கும். குரல் கேட்கிறவளுக்கு 'கேள்விக்காரி' என்று வைக்கலாம். கேள்வி என்றா கேட்டறிவதும் ஆச்சு, வினாவும் ஆச்சு. முதல் அத்தியாயத்தில இப்படிப்பட்ட சொல் நாலைந்துக்கு மேல வேணாம்.

உங்க பதினொரு சாமிப் பேரும் கற்பனைப் பேர் என்றா ரெண்டு சோதனை. ஒன்று, உருபு ஏத்திப் பாருங்க: ஐ, ஆல், கு, இல், உடைய. 'ஸ்க்ரைத்' மாதிரி வச்சா 'ஸ்க்ரைத்தை'யா 'ஸ்க்ரைதை'யா என்று நீங்களே ரெண்டு விதமா எழுதுவீங்க. ரெண்டு, வேற ஒருத்தரை வாசிக்கச் சொல்லுங்க. க, ச, ட, த, ப அஞ்சுக்கும் நமக்கு ஒலி ஒன்றுக்கு மேல. நீங்க 'கதோரி' என்று எழுதினதை ஒருத்தர் காந்தியில வர்ற மாதிரி வாசிப்பார், இன்னொருத்தர் காக்காயில வர்ற மாதிரி. உண்மையில, ரோதைமுனியும் கவ்வாத்துச்சாமியும் வணங்குற ஊர்ல உட்கார்ந்து ஏன் கற்பனைச் சாமி தேடுறீங்க என்றுதான் எனக்கு விளங்கலை. தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ஒரு முனி! இதுக்கு மேல யார் கற்பனை செய்யப்போறாங்க?

ஆட்கள் பேரும் முதல் எழுத்து வேற வேறயா இருக்கட்டும். முத்தம்மா, முனியம்மா, முருகாயி மூணு பேரும் ஒரே காட்சியில நின்னா வேகமா வாசிக்கிறவனுக்கு ஒரே ஆள். பேர் தேயுறதுதான் கதை என்கிறபோது இது உங்களுக்கு ரெட்டை ஆபத்து.


கவ்வாத்துக்கத்தி:

சுருக்கமா வேலைக் கணக்கு மட்டும்.

அளவு: 45,000 முதல் 55,000 சொல். புத்தகமாகும்போது எழுத்தளவைப் பொறுத்துப் பக்கத்துக்கு 200 முதல் 250 சொல், ஆக ஏறக்குறைய 200, 250 பக்கம். ஆங்கிலத்தில அறிவியல் புனைவு விருதுகள் 40,000 சொல்லுக்கு மேலதான் நாவல் என்று எடுக்கிறாங்க. ஆனா 'போயிருக்கமாட்டாளே' என்கிற ஒரு சொல்லுக்கு அங்க நாலஞ்சு சொல் வேணும், அதனால அந்த எண்ணை அப்படியே தூக்கிப் பிடிக்க வேணாம். மூணு பாகத் தொடர் என்கிற எண்ணம் இருந்தா இப்பவே விடுங்க.

நேரம்: போன்ல ஒரு மணித்தியாலத்தில 300 சொல் நியாயம். வாரம் அஞ்சு நாள் 1,500. 50,000க்கு 34 வாரம். திருவிழா, காய்ச்சல், கரண்ட் இல்லாத நாள் என்று ஆறு வாரம் சேருங்க, 40. அதை விடக் குறைச்சுத் திட்டம் போடுறவங்க பத்தாவது வாரத்தில கணக்குப் பிந்திட்டதைப் பார்த்து மனம் விட்டு நிறுத்துறாங்க.

அத்தியாய எண் போடுறதுக்கு முன்னே மூணு சோதனைக் காட்சி, ஒவ்வொன்றும் 800, 1,000 சொல். ஒன்று, கொழுந்து நிறுக்கிற இடத்தில முதல் தடவை பேர் விடுபடுறது. ரெண்டு, விலை தெரிஞ்சும் அவ பனிக்குள்ள போறது. மூணு, அந்தச் சின்னப் பிள்ளைய அனுப்புறது. மூணாவதை எழுத முடியலைன்னா உங்களுக்கு வில்லன் இன்னும் கிடைக்கலை என்று அர்த்தம், நாவலைத் தொடங்காதீங்க. ரெண்டாவது எழுத வரலைன்னா அவ யாரோட குரலுக்கு ஏங்குறா என்று முடிவாகலை.

முன்னுரைக் காட்சி, 'ஆதியிலே பனி இருந்தது' எல்லாம் வேணாம். தராசுல தொடங்குங்க. விளக்கத்தைச் சண்டைக்குள்ள வைங்க. "உனக்குத் தெரியும்தானே, நம்ம தோட்டத்தில பனி கூடினா..." என்று தெரிஞ்சவளே தெரிஞ்சவகிட்ட சொல்றது செத்த வசனம். "கிலோ குறையுதுங்க." "கூடைத் தண்ணிக்கு நான் பேர் போடவா?" "காலையிலயும் என் பேரை வாசிக்கலைங்க." "வாசிச்சேன். வாசிச்சேனா இல்லையா?" இதுல தராசு, கூலி, அதிகாரம், மாயம் நாலும் வந்தாச்சு, யாரும் பாடம் எடுக்கலை.

எங்க சிக்கும் என்றும் சொல்லிடுறேன். 12,000, 15,000 சொல்லுல ஒரு சுவர் வரும். காரணம் சோர்வு இல்லை. விதி வாசகனுக்குப் பழகிப்போச்சு, அதே விலை மூணாந் தடவை. அந்த இடத்தில விலை மாறணும். கேட்கிறவளோட பேர் போய்க்கிட்டிருந்தது, இப்போ அவ சுமக்கிற பிள்ளைக்கு வைக்க நினைச்ச பேர் போகுது என்கிற மாதிரி. எங்க மாறும் என்று முன்கூட்டியே குறிச்சு வைங்க.

முதல் அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பத் திருத்துறது அடுத்த குழி. பின்னால எதையாவது மாத்தினா, முன்னுக்குப் போகாம அந்த இடத்திலேயே மூணு நட்சத்திரக் குறி போட்டு 'அண்ணன் வேணாம், தங்கச்சியா மாத்து' என்று எழுதிட்டு, மாத்தின மாதிரியே மேல எழுதுங்க. கடைசியில நட்சத்திரத்தைத் தேடி எல்லாத்தையும் ஒரே மூச்சில திருத்தலாம்.

போன்: யுனிகோட்லயே எழுதுங்க, காட்சிக்கு ஒரு கோப்பு, வாரம் ஒரு தரம் உங்க மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி. குரல்வழித் தட்டச்சு வேகம்தான், ஆனா பேச்சு வழக்கைப் பல நேரம் தானாத் திருத்தி எழுத்து நடையாக்கிரும். உரையாடலைக் கையாலதான் அடிக்கணும். அச்சகம் பாமினி என்கிற பழைய எழுத்துரு கேட்டா கடைசியில மாத்திக் கொடுங்க. பாமினியில ஆங்கில விசைதான் தமிழ் எழுத்து, அதனால மேற்கோள் குறி, இடையில வர்ற ஆங்கில எழுத்து எல்லாம் உருமாறிப் போகும். மாத்தின பிறகு ஒரு தடவை முழுசா வாசிக்காம அச்சுக்கு விடாதீங்க.

ரோதையோட ஒரு இடத்தில ஒத்துப்போகலை. கொப்பிய மூடுங்க, வரைபடத்தை மூடாதீங்க. லயத்துக்கும் பீலிக்கும் எத்தனை நிமிச நடை, பிரட்டுக்களம் அங்க இருந்து தெரியுமா, நீர்த்தேக்கக் கரைக்கு இறங்க எந்தக் குறுக்குப்பாதை, இதெல்லாம் காட்சிய உண்டாக்கும். பனி சிறிது நேரம்தான், இறங்க 25 நிமிசம் என்றா அவ ஓடணும்.


ரோதை:

சரி, வரைபடத்துக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஆனா அதுல தூரத்தை மைல்ல எழுத வேணாம், நிமிசத்தில எழுதட்டும். ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. மழையில இன்னொன்று.


மழைக்காலக்கொப்பி:

தாள் எழுதிட்டேன். பார்த்துச் சொல்லுங்க.

பனி கூடினா அந்த இடத்தில முன்னே பேசின குரல் கேட்கும். பதில் சொல்லாது, பனி கலைஞ்சா அறுந்துரும், எந்த நாள் பேச்சு வரும் என்று கேட்கிறவளால தீர்மானிக்க முடியாது. கேட்டா பேர் தேயும், திரும்ப வராது. சில வேளை நல்ல மனசு உள்ளவங்களுக்குத் தேயாது. விலையை லயத்தில எல்லாரும் சேர்ந்து கொடுக்கிறாங்க.


கவ்வாத்துக்கத்தி:

முதல் ரெண்டு வரி நிக்கட்டும். 'எந்த நாள் பேச்சு வரும் என்று தீர்மானிக்க முடியாது' நல்ல வரி, அப்பா குரலைத் தேடிப் போனவ வேற எதையாவது கேட்டுத் தொலைக்கலாம்.

'நல்ல மனசு உள்ளவங்களுக்குத் தேயாது' என்கிறதை வெட்டுங்க. அந்த ஒரு வாசல் திறந்திருந்தா கடைசி அத்தியாயத்தில நீங்களே அதுக்குள்ளால தப்பிச்சு ஓடுவீங்க. 'சில வேளை' என்கிற சொல் விதித் தாள்லயே வரக்கூடாது.

கடைசி வரியில 'எல்லாரும்' என்று இருக்கு. எல்லாரும் கொடுத்தா யாருக்கும் வலிக்காது. முதல்ல கொடுக்கிறது யார்? வயசு, எந்த லயம், என்ன வேலை, எழுதுங்க. அவளுக்கு ஒரு பேர் வைங்க, ஏன் அந்தப் பேர் வச்சாங்க என்று ஒரு வரியும் சேருங்க, போகப்போறது அதுதானே. பிறகு தராசுக் காட்சிய எழுதி இங்கேயே ஒட்டுங்க. 800 சொல்லுக்கு மேல வேணாம்.